காதல் நாவல் கற்றுத்தந்த எழுத்து

திருப்பதி காந்தி சாலைக்குப் பின்புறத்தில் ஒரு வீடு. சென்ற ஆண்டு அதற்கு வெள்ளையடிக்கப் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினார்கள். உள்ளே இருந்தவை பழைய நாவல்கள். பழைய தாள் கடைக்குப் போட்டுவிடலாமா என்று மகன் கேட்டார். பெட்டிக்குரிய அம்மையார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தரையில் அமர்ந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்து, இரண்டு அடுக்காக வைத்தார். ஓர் அடுக்கு தெலுங்கு, மற்றது தமிழ். அவருக்கு வயது 70ஐக் கடந்துவிட்டது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது, அச்செழுத்தை இனி நெடுநாள் படிக்க இயலாது என்று மருத்துவர் அப்போதுதான் சொல்லியிருந்தார்.

தெலுங்கு அடுக்கில் யத்தனபூடி சுலோசனா ராணி, கோடூரி கௌசல்யா தேவி, ரங்கநாயகம்மா. தமிழ் அடுக்கில் லக்ஷ்மி, அனுராதா ரமணன், ரமணிசந்திரன். சிலவற்றுக்கு அட்டை கிடையாது. வார இதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய நாட்காட்டித் தாளை மேலே ஒட்டியவை அவை. தமிழ் அடுக்கின் அடியிலிருந்த நாலைந்து புத்தகங்களில் மட்டும் ஒரு விநோதம் இருந்தது. அச்சிட்ட தமிழ்ச் சொற்களின் தலைக்கு மேலே, பென்சிலால், பொடிப்பொடியாகத் தெலுங்கு எழுத்துகள்.

இந்தப் பெயர்களில் பலவற்றை இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் கடந்து செல்கின்றன. 'வெகுசன எழுத்து', 'குடும்ப நாவல்' என்பன அவற்றுக்கு வழங்கப்படும் மரியாதையான பெயர்கள். கருத்தரங்குகளின் தேநீர் இடைவேளையில் வழங்கும் பெயர்கள் வேறு. அத்தீர்ப்புகள் கதையைப் படித்துச் சொல்லப்பட்டவை, அவற்றுக்கு நியாயமும் உண்டு. ஆனால் சித்தூர் போன்ற எல்லை ஊரில் அந்நாவல்கள் செய்த வேறொரு வேலை கதைக்குள் தென்படாது. பள்ளி கொடுக்காத தாய்மொழி எழுத்தை அவை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தன. அந்தப் பென்சில் எழுத்துகள் அதற்குச் சான்று.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. அதற்கு முன்பு சித்தூர் நகரமே வட ஆற்காட்டின் தலைமையிடம். அங்கிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர், திருப்பதி அதைப்போல இரு மடங்கு. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அதனுடன் சென்றது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் அதையடுத்த சில பகுதிகளும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. சித்தூர், நகரி, புத்தூர், குப்பம், திருப்பதி ஆகியவை ஆந்திரத்திலேயே நின்றன. இவ்வூர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் வீட்டை மாற்றவில்லை, தெருவை மாற்றவில்லை. பிள்ளைகள் பள்ளியில் எழுதும் எழுத்து மட்டும் பல வீடுகளில் மாறியது.

அம்மையார் 1952இல் சித்தூரில் பிறந்தவர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் இருந்தன. ஆனால் நாளை வேலை தரப்போவது எந்த மொழி என்று கணக்கிட்ட தந்தை, மகளைத் தெலுங்கு வழியில் சேர்த்தார். பத்து வயதில் அவருக்குத் தமிழ் காதிலும் நாவிலும் இருந்தது, கண்ணில் இல்லை.

கோடை விடுமுறைக்கு வேலூரில் அத்தை வீடு. அத்தை அரிசியில் கல் பொறுக்கியபடியே தொடர்கதையை வாய்விட்டுப் படிப்பார், சுற்றிலும் பெண்கள் அமர்ந்து கேட்பார்கள். நாயகி கடிதத்தைப் பிரிக்கும் இடத்தில் 'தொடரும்' வரும். ஆனால் அத்தையிடம் முந்தைய ஆண்டுகளின் தொடர்கள் தைத்த புத்தகங்களாக இருந்தன, அவற்றுள் முடிவு இருந்தது. அத்தைக்கோ ஓய்வு கிடையாது. முடிவைத் தெரிந்துகொள்ள எழுத்தைத் தெரிந்துகொள்வதைத் தவிர அந்தச் சிறுமிக்கு வேறு வழியில்லை.

தெலுங்கு எழுத்தறிந்த ஒருவர் தமிழ் எழுத்துக்குள் நுழையும்போது முதலில் தடுமாறும் இடத்தை மொழியியல் மாணவர்கள் அறிவார்கள். தெலுங்கில் வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் 'பணம்' என்பதற்கும் 'பயம்' என்பதற்கும் முதலெழுத்து ஒன்றே. வாய் மட்டும் இரண்டையும் வேறாக ஒலிக்கிறது. தெலுங்கெழுத்து ஒலியைச் சொல்லி, அதன்வழிச் சொல்லுக்கு இட்டுச் செல்கிறது. தமிழெழுத்தைப் படிப்பவருக்கோ பல இடங்களில் சொல் முன்பே தெரிந்திருந்தால்தான் ஒலி பிடிபடும். சிறுமிக்குச் சொற்கள் தெரியும், ஆகவே கதையின் போக்கைக் கொண்டு ஒலியை ஊகித்தாள். ஊகம் சரியென்று தெரிந்ததும், மறந்துவிடாதபடி தமிழெழுத்தின் மேல் உரிய தெலுங்கெழுத்தைப் பென்சிலால் குறித்துவைத்தாள். முதல் புத்தகத்தில் வரிக்கு நாலைந்து குறிகள், மூன்றாவதில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு. ஆறாவதில் குறிகளே இல்லை.

அவ்வாறு அவர் கடந்த முதல் நாவல்கள் லக்ஷ்மியுடையவை. திருச்சி மாவட்டத் தொட்டியத்தைச் சேர்ந்த திரிபுரசுந்தரி என்ற அந்த எழுத்தாளர் (1921–1987), மருத்துவக் கல்லூரி மாணவியாக இருந்தபோதே எழுத்தால் படிப்புச் செலவைச் சமாளித்தவர், மருத்துவரானவர், திருமணத்திற்குப் பின் தென்னாப்பிரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். 'காஞ்சனையின் கனவு' 1952இல் 'காஞ்சனா' என்றும், 'பெண் மனம்' 1963இல் 'இருவர் உள்ளம்' என்றும் திரைப்படமாயின. 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருது வந்ததால் அவர் இலக்கிய வரலாற்றில் ஒரு பத்தி பெற்றார். வேலூரில் கல் பொறுக்கியவர்கள் அவரை விருதுக்காகக் காத்திராமலே படித்தார்கள்.

சித்தூரில் பள்ளி நாட்களில் தெலுங்கு நாவல்கள் வந்து சேர்ந்தன. அங்கே 'அத்தெ புஸ்தகாலு' எனப்பட்ட வாடகைப் புத்தகக் கடைகள் இருந்தன. நாள் வாடகைக்கு எடுத்த நாவலை அம்மையாரும் பக்கத்து வீட்டுத் தோழியும் ஒரே இரவில் முறைபோட்டுப் படித்துக் காலையில் திருப்பிக் கொடுப்பார்கள். 1960களும் 70களும் தெலுங்கு நாவலில் பெண்களின் காலம் என்று சொல்லப்படுகின்றன. கிருஷ்ணா மாவட்டம் காஜா கிராமத்தில் 1940இல் பிறந்து 2018இல் அமெரிக்காவில் மறைந்த யத்தனபூடி சுலோசனா ராணி அக்காலத்தின் அரசி. 'செக்ரட்டரி' நாவலின் ஜெயந்தியும் ராஜசேகரமும் தெலுங்கு வீடுகளில் உறவினர்போலப் பேசப்பட்டார்கள். காரிலிருந்து இறங்கும் 'ஆறடி அழகன்' என்பது அவருடைய நாயகர்களைக் குறிக்கும் தொடராகி, பின்னர் கேலிச் சொல்லுமாயிற்று. 'மீனா', 'ஜீவன தரங்காலு' இரண்டும் 1973இல் திரைக்கு வந்தன, 'செக்ரட்டரி' 1976இல் வந்தது. அதே கடையின் அதே அடுக்கில் ரங்கநாயகம்மாவின் 'பலிபீடம்' இருந்தது. சாதி கடந்த ஒரு திருமணத்திற்குள் சாதி எப்படித் திரும்பி வருகிறது என்று சொல்லும் கதை அது. வாடகைக்கு எடுப்பவருக்குக் காதல் நாவல், சமூக நாவல் என்ற பிரிவினை தெரியாது. தடிமன் எவ்வளவு, விடிவதற்குள் முடியுமா என்பதே கேள்வி.

இரு மொழியிலும் ஒரே வகைக் கதையைப் படித்தவருக்கு வகுப்பறையில் கிடைக்காத ஓர் ஒப்பீடு இயல்பாகக் கிடைத்தது. கிடுகு ராமமூர்த்தி (1863–1940) முன்னெடுத்த பேச்சுமொழி இயக்கத்துக்குப் பிறகு தெலுங்கு உரைநடை பழைய கிராந்திக நடையை விட்டுப் படித்தவர் பேச்சுக்கு அருகில் வந்துவிட்டது. எனவே யத்தனபூடியின் பக்கங்கள் காதுக்குப் பழகிய தெலுங்கில் ஓடின. தமிழிலோ எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இரண்டு கரைகள். லக்ஷ்மியின் பாத்திரங்கள் கோபத்திலும் பெரும்பாலும் முழு வினைமுற்றோடு பேசுபவர்கள். சித்தூர் வீட்டில் எவரும் அப்படிப் பேசியதில்லை. அங்கே 'இருக்கிறது' என்பது 'கீது'. ஆகையால் தெலுங்கு நாவல் அவருக்குத் தெரிந்த மொழியில் ஒரு கதையைத் தந்தது. தமிழ் நாவல் கதையோடு சேர்த்து, அவர் அறியாத ஒரு தமிழையும் தந்தது. மொழியியலில் இரட்டை வழக்கு என்று விளக்கப்படும் நிலையின் உயர் வழக்கை, இலக்கணப் புத்தகமும் ஆசிரியரும் இன்றி, காதல் நாவலின் வழியே அவர் அடைந்தார்.

இந்த இரண்டு அடுக்குகளும் ஓரிடத்தில் ஒன்றையொன்று தொட்டன. கோடூரி கௌசல்யா தேவியின் பெயர் தமிழ் வாசகர் பலருக்குத் தெரியாது, அவருடைய கதை தெரியாதவர் குறைவு. 'சக்ரப்ரமணம்' என்ற அவரது நாவல் 1964இல் 'டாக்டர் சக்ரவர்த்தி' என்ற திரைப்படமானது. 'பிரேம் நகர்' நாவலை டி. ராமாநாயுடு தயாரிக்க, கே.எஸ். பிரகாஷ் ராவ் 1971இல் நாகேஸ்வர ராவ், வாணிஸ்ரீ நடிப்பில் இயக்கினார். மறு ஆண்டே அது சிவாஜி கணேசனும் வாணிஸ்ரீயும் நடித்த 'வசந்த மாளிகை' ஆயிற்று. 1974இல் இந்திக்கும் சென்றது. 'வசந்த மாளிகை'யின் நடிப்பும் கண்ணதாசன் பாடல்களும் கே.வி. மகாதேவன் இசையும் இன்றுவரை பேசப்படுகின்றன. அதற்கு விதையாக ஒரு பெண் எழுதிய தெலுங்கு நாவல் இருந்தது என்பது அப்பேச்சில் அரிதாகவே வரும். அம்மையார் நாவலைச் சித்தூர் வாடகைக் கடையில் எடுத்துப் படித்திருந்தார். 1972இல் வேலூர்த் திரையரங்கில் அத்தையோடு அமர்ந்து படம் பார்த்தபோது, அடுத்த காட்சி என்ன என்று வரிசைக்கே முன்கூட்டிச் சொல்லி அத்தையிடம் அடி வாங்கினார். அத்தைக்கு அது தமிழ்க் கதை. தெலுங்குப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு முடிவு எப்படித் தெரியும் என்று அவர் பல நாள் வியந்தார்.

'செக்ரட்டரி' என்ற தலைப்பும், 'வசந்த மாளிகை'யின் லதா நாயகனிடம் செயலாளராக வருவதும் தற்செயலானவை அல்ல. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற பெண்கள் அலுவலகங்களுக்குள் நுழைந்த தலைமுறை அது. தந்தையும் அண்ணனும் இல்லாத அறையில் ஓர் ஆணின் எதிரே நாற்காலியில் அமர்ந்து, செய்த வேலைக்குச் சம்பளம் வாங்கும் பெண் நாவலுக்குப் புதியவள். நாவல் அவளைக் கடைசிப் பக்கத்தில் திருமணத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதற்கு முன்பு 200 பக்கங்கள் அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

அம்மையாரும் தட்டச்சுப் பயின்றார், ஆங்கிலத்தில் லோயர் தேர்ச்சி பெற்றார். சித்தூரில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலைக்கு அழைப்பும் வந்தது. அதே மாதம் திருப்பதியிலிருந்து சம்பந்தம் வந்தது. பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பம், மருமகள் வேலைக்குப் போக வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. அழைப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதப்படவில்லை. வீட்டில் யாரும் அதைப் பெரிய விஷயமாகக் கருதவில்லை, அவரும் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை.

ஆனால் 1973இல், திருமணமான சில மாதங்களில், வேலூர் அத்தைக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினார். அத்தை மறைந்த பிறகு அது அவரிடமே திரும்பி வந்து, பெட்டிக்குள் ஒரு நாவலின் நடுவில் கிடந்தது. வேலைக்குப் போகாத ஏக்கம் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாய்த் தைத்துக்கொண்டிருக்கிறது என்றும், யாரிடமும் சொல்ல இயலாமல் தலையணையை நனைத்த இரவுகள் பல என்றும் அதில் இருக்கிறது. தேய்ந்த தொடர்கள்தாம். அவற்றைத் தொடர்கதைகளிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார் என்று எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். ஆனால் அந்த வருத்தத்தைச் சொல்ல அவரிடம் வேறு மொழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். வீட்டுத் தமிழில் அவ்வகை வாக்கியங்கள் இல்லை. பெண் தன் மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு அவ்வீட்டில் இடமிருக்கவில்லை. தெலுங்கில் எழுதினால் அத்தைக்குப் படிக்கத் தெரியாது, கணவர் வீட்டாருக்குத் தெரியும். காதல் நாவலின் தமிழ் ஒன்றே அவருக்குக் கையில் இருந்த தன்மை இடத்து மொழி.

திருப்பதி வாழ்க்கையில் நாவல்கள் பிற்பகல்களுக்கு ஒதுங்கின. மூன்று மணி முதல் நாலரை வரை, கடைக்காரர்கள் உண்டு உறங்கும் நேரம். 1969இல் தொடங்கிய ராணிமுத்துவும் பின்னர் மாலைமதியும் சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ வரும் உறவினர் பைகளில் வந்தன. அடுத்து அருணோதயம் வெளியிட்ட ரமணிசந்திரன் நாவல்கள். 150க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ரமணிசந்திரனின் உலகில் மழை அளவாகப் பெய்யும், வீடு துப்புரவாக இருக்கும், தவறான புரிதல் ஒன்று இருவரைப் பிரிக்கும், பின்னர் அது விலகும். முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்த முடிவுக்காகவே அவை படிக்கப்பட்டன. பகல் முழுதும் மற்றவர்களின் தேவை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் இருப்பவருக்கு, எப்படி முடியும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றரை மணி நேரம் ஓர் ஓய்வு.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட 'ரீடிங் தி ரொமான்ஸ்' நூலில் இதைத்தான் கண்டார். ஓர் ஊரின் காதல் நாவல் வாசகியரிடம் அவர் உரையாடியபோது, கதை சொல்லும் செய்தியைவிட, படிக்கும் செயல் அவர்களுக்கு முதன்மையாக இருந்தது. கையில் புத்தகம் இருந்தால் 'இந்த நேரம் எனக்குரியது' என்று வீட்டுக்குச் சொல்லியதாகும். திருப்பதிக்கு இந்த முடிவு பொருந்தும். அங்கே வேறொன்றும் கூடுதலாக இருந்தது. தெலுங்குக் குழந்தைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன், தெலுங்கு வாடிக்கையாளர் கடைக்கு வருவதற்கு முன், அந்த ஒன்றரை மணி நேரம் அவர் தமிழில் இருந்தார்.

இதனால் அந்நாவல்களின் மேல் சுமத்தப்படும் குற்றங்கள் நீங்கிவிடா. நாயகனின் செல்வமே அவனது குணத்துக்குச் சான்றாகிவிடுகிறது. அவன் சந்தேகப்படுவான், சொல்லால் சுடுவான், சில கதைகளில் கையையும் ஓங்குவான். அவளுடைய பொறுமை அவனைத் திருத்தும், திருந்தாத ஆணிடம் பொறுமை என்ன செய்யும் என்று கதை கேட்காது. சாதியின் பெயர் வராது, ஆனால் யார் சமையலறைக்குள் வரலாம் என்பது எல்லாப் பக்கத்திலும் தெளிவாக இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் இவற்றைப் படித்துத் தங்கள் வாழ்வை இதனோடு ஒட்டி அளந்தார்கள் என்று பெண்ணிய விமர்சகர்கள் வருந்தியதில் தவறில்லை. தன் எழுத்தைத் தானே கடுமையாகத் திறனாய்ந்து மார்க்சியத்துக்குச் சென்ற ரங்கநாயகம்மாவின் பயணமே அந்த வருத்தத்துக்கு ஒரு சாட்சி. எழுத்தைக் கற்பித்த கை, அடங்கி இருக்கவும் கற்பித்தது. இரண்டையும் ஒருசேரச் சொல்லாத ஆய்வு பாதி ஆய்வு.

வெள்ளையடித்த வாரத்தில் அந்தப் பெட்டிக்கு எதிர்பாராத வாசகர் ஒருவர் கிடைத்தார். அம்மையாரின் பேத்தி திருப்பதியில் கல்லூரி இரண்டாமாண்டு மாணவி. வீட்டில் தமிழ் பேசுவார், எழுதுவது தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். தமிழ்ச் செய்திகளைக் கைபேசியில் ரோமன் எழுத்தில் அனுப்புவார். பாட்டியை வட ஆற்காட்டு வழக்கில் 'ஆயா' என்று அழைப்பதோடு எழுத்துத் தமிழின் தொடர்பு முடிந்துவிடும். கண் மங்கிய ஆயாவுக்குத் தெலுங்கு நாவல்களைப் படித்துக் காட்டத் தொடங்கினார். யத்தனபூடி இரண்டு வாரத்தில் முடிந்தார். மற்ற அடுக்கு எஞ்சியது.

ஒலிநூல்கள் இருக்கின்றன, கைபேசி செயலிகள் இருக்கின்றன. பேத்தி அவற்றையும் ஏற்றிக் கொடுத்துப் பார்த்தார். இந்தப் பெட்டிக்குள் இருக்கும் தைத்த புத்தகங்களை எந்தச் செயலியும் படிக்கவில்லை. பின்னர் ஒருநாள் பேத்தி அடியிலிருந்த புத்தகத்தைத் திறந்து, சொற்களின் மேல் இருந்த பென்சில் எழுத்துகளைக் கண்டார். அவை அவருக்குத் தெரிந்த எழுத்துகள். அறுபது ஆண்டுகளுக்கு முன் பதினொரு வயதுச் சிறுமி தனக்காகப் போட்டுக்கொண்ட படிக்கட்டில் அந்த மாணவி ஏறத் தொடங்கினார். முதல் நாள் அரைப் பக்கம். 'பயம்' சரியாக வந்தது, மேலே குறி இருந்தது.

குறிகள் அருகத் தொடங்கிய மூன்றாம் புத்தகத்தில் சிக்கல் வந்தது. முதல் தாள் கிழிந்துபோனதால் ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு தொடர்கதை அது. 'அவன் முகத்தில் எந்தப் பாவமும் இல்லை' என்ற வரியைப் பேத்தி, பழியும் புண்ணியமும் என்பதில் வரும் பாவமாகப் படித்தார். ஆயா சிரித்தார். "அந்தப் பாவம் இல்லடி, முகபாவம். தெலுங்குல ரெண்டுக்கும் வேற வேற எழுத்து. இங்க ஒண்ணுதான், நீதான் பாத்துப் படிக்கணும்" என்றார். பேத்தி பென்சிலை எடுத்து அந்த எழுத்தின் மேல் தெலுங்கெழுத்து ஒன்றைப் போட்டுக்கொண்டார். இப்போது அப்பக்கத்தில் இரண்டு தலைமுறையின் குறிகள் இருக்கின்றன.

அடுத்த பக்கங்களில் முகபாவம் இல்லாத அந்த நாயகன் மனைவியைச் சந்தேகித்து வீட்டைவிட்டு அனுப்புகிறான். இறுதியில் உண்மை தெரிந்து வந்து நிற்கிறான், அவள் கண்ணீரோடு மன்னிக்கிறாள். பேத்தி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"இவ எதுக்கு ஆயா இவனை மன்னிக்கணும்?"

"மன்னிச்சாத்தானே புஸ்தகம் முடியும்."

"நீயா இருந்தா?"

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. "மிச்சத்தைப் படி" என்றார்.

பேத்தி அதன்பின் பெட்டியில் கிடந்த 1973ஆம் ஆண்டுக் கடிதத்தையும் படித்துவிட்டார். வேலைக்கான அழைப்பு வந்ததும், பதில் போகாததும் அந்த வீட்டில் இரண்டாவது ஆளுக்குத் தெரியவந்தது அப்போதுதான். பேத்தியால் அந்தத் தமிழைப் படிக்க முடிந்திராவிட்டால் அது எவருக்கும் தெரிந்திராது.

ஆய்வுலகம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. வெகுசன நாவல்களைத் திரட்டும் பணி ஓரளவு நடந்திருக்கிறது. 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய அச்சுப் பொருள்கள் பேணப்படுகின்றன. மொழிபெயர்ப்பு வழியாகவும் போக்குவரத்து உண்டு. எண்டமூரி வீரேந்திரநாத், யத்தனபூடி முதலியோரைத் தமிழுக்குக் கொண்டுவந்த கௌரி கிருபானந்தன், ஓல்காவின் சிறுகதைகளை 'மீட்சி' என்று மொழிபெயர்த்து 2015ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றார். நூல்களும் நூலாசிரியர்களும் ஏதோ ஒரு வழியில் எஞ்சுவார்கள். வாசகர்கள் எஞ்சுவது கடினம். 1960க்குப் பின் தெலுங்கு வழியில் படித்துத் தாமாகத் தமிழெழுத்தைக் கற்ற பெண்கள் சித்தூரிலும் நகரியிலும் புத்தூரிலும் இன்று எழுபது வயதைக் கடந்து நிற்கிறார்கள். அவர்களுடைய ஓரக் குறிப்புகள், தைத்த தொடர்கள், அனுப்பிய கடிதங்கள் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. இரண்டு எழுத்துமுறைகள் ஒரு மனத்தில் எப்படி இணங்குகின்றன என்று அறிய விரும்பும் மொழியியலாளருக்கு அவை முதன்மைத் தரவுகள். அவற்றின் இன்றைய சந்தை மதிப்பு, கிலோ கணக்கில் பழைய தாள் கடைக்காரர் சொல்லும் விலை.

1954இல் தொடங்கிய திருவேங்கடவன் பல்கலைக்கழகத்திலும், குப்பத்துத் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் தமிழுக்கும் தெலுங்குக்கும் துறைகள் இருக்கின்றன. அவற்றின் மாணவர்கள் பலருக்கு இத்தகைய ஆயாக்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். ஒரு பிற்பகல் அவர்களோடு அமர்ந்து, எந்த நாவலில் எழுத்துக் கற்றீர்கள் என்று கேட்டால் போதும். தலைப்பு நினைவில்லாமல் போகலாம், எந்த இடத்தில் 'தொடரும்' வந்தது என்பது நினைவிருக்கும்.

காந்தி சாலைக்குப் பின்னாலிருக்கும் அந்த வீட்டில் தமிழ் அடுக்கு இன்னும் பரணுக்குத் திரும்பவில்லை. இப்போது ரமணிசந்திரன் நடக்கிறது. குறிகளே இல்லாத புத்தகம் அது. பேத்தி நாளொன்றுக்கு நான்கு பக்கம் படிக்கிறார், ழகரத்தில் இன்னும் தடுக்குகிறார். முடிவு என்ன என்று ஆயாவுக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மறுக்கிறார்.